பட்டையில் கோளாறு இல்லை

இதயத் துடிப்பைப் பார்க்கக் கட்டுகிற மார்புப் பட்டையை வெந்நீரில் துவைக்கக் கூடாது. மைதானத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். வெந்நீர் பட்டால் உட்பக்கம் இருக்கும் ரப்பர் உப்பிவிடும். பச்சைத் தண்ணீரில் கொஞ்சம் சோப்புப் போட்டு அலசி, முறுக்காமல் பிழிந்து, நிழலில் காயப்போட வேண்டும். நடுவில் பொத்தான் மாதிரி மாட்டியிருக்கும் வில்லையைத் தனியாகக் கழற்றித் துடைத்துவைக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டால் ஒரு பட்டை பல வருடம் உழைக்கும்.

இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், உங்கள் மேசைமேல் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டுவைத்திருக்கிறீர்களே, அது நான் பார்த்துப் பார்த்து வைத்திருந்த பட்டை. அதன்மேல்தான் தப்பு என்று விசாரணையில் முடிவு கட்டிவிட்டீர்கள் என்று கோச் சொன்னார். சலவையில் கெட்டுப்போன பட்டை, ஏற்கெனவே பலமுறை பொய் காட்டிய பட்டை, அதனால் உண்மையைக் காட்டியபோது யாரும் நம்பவில்லை, அக்காக்காரி பாவம், அவள் என்ன செய்வாள். இவ்வளவுதானே நீங்கள் எழுதியிருப்பது. எனக்குச் சாதகமாகத்தான் எழுதியிருக்கிறீர்கள். இன்றைக்கு யாரும் என்னைக் கூப்பிடவில்லை, நானாகத்தான் வந்தேன். வாயில்லாத பொருள்மேல் பழி விழுவதைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பட்டையில் கோளாறு இல்லை, மேடம்.

உங்களுக்கு விளங்கும்படி சொல்கிறேன். பட்டையின் உட்பக்கம் இரண்டு ரப்பர்த் தகடுகள் இருக்கின்றன. அவை தோலோடு ஒட்டி நின்று, இதயம் அடிக்கும்போது எழும் துளி மின்சாரத்தைப் பிடித்து வில்லைக்குக் கொடுக்கும். வில்லை அதைக் கம்பி எதுவும் இல்லாமல் என் கையில் இருக்கும் டேப்லெட்டுக்கு அனுப்பிவிடும். யார் எந்த மூலையில் ஓடிக்கொண்டிருந்தாலும் அவரவர் இதயம் என் கையில் ஆளுக்கொரு கட்டத்தில் எண்ணாகவும் கோடாகவும் தெரியும். இதற்கு வேண்டியது ஈரம் ஒன்றுதான். தகடு காய்ந்திருந்தால் சட்டை உரசுவதையெல்லாம் இதயத் துடிப்பு என்று எடுத்துக்கொண்டு வாய்க்கு வந்த எண்ணைச் சொல்லும். அதனால் மாட்டுவதற்கு முன்னால் நனைக்க வேண்டும். குழாயில் நனைப்பதுதான் முறை. ஆனால் ஓடுகிற பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை ஏது. நாக்கை நீட்டி இந்தப் பக்கம் ஒரு நக்கு, அந்தப் பக்கம் ஒரு நக்கு, மாட்டிக்கொண்டு ஓடிவிடுவார்கள்.

அதில் என் தம்பியை மிஞ்ச ஆள் கிடையாது. வேண்டுமென்றே எனக்கு எதிரில் வந்து நின்று, பெரிய விருந்தை ரசிப்பவன்போலக் கண்ணை மூடி நக்கிவிட்டு, "காலைச் சாப்பாடு முடிஞ்சுதுக்கா" என்பான். மைதானத்தில் அவனுக்கு வெட்டுக்கிளி என்று பெயர். உடம்பில் முக்கால்வாசி காலாகவே இருப்பான். நீண்ட தூரம் ஓடுகிறவன். முதல் சுற்று எப்படி ஓடினானோ அப்படியே கடைசிச் சுற்றும் ஓடுவான், முகத்தில் ஒரு சுளிப்பு இருக்காது.

அம்மா இறந்துபோனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அப்பா அதற்கு முன்பே வேறு வீடு, வேறு குடும்பம் என்று போய்விட்டார். எனக்கும் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளைக்கு என்னைப் பிடித்திருந்தது, என் இடுப்பில் தொற்றிக்கொண்டிருந்தவனைத்தான் பிடிக்கவில்லை. நல்லது, போய் வாருங்கள் என்றேன். தியாகம் கியாகம் என்று எழுதிவிடாதீர்கள். அவனை வைத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். மூன்றாம் மாடியில் இரண்டு அறை, ஒரு ஜன்னல், எதிரே பேருந்துப் பணிமனையின் சுவர். அந்த வீட்டில் நாங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டு, சிரித்து, மறுபடி சண்டை போட்டு வளர்ந்தோம். அவன்கூடச் சேர்ந்துதான் நானும் வளர்ந்தேன்.

அவன் மைதானத்தில் சேர்ந்த பிறகு, சாமான்களைப் பார்த்துக்கொள்ள நம்பிக்கையான ஆள் வேண்டும் என்று கோச் சொன்னதில்தான் எனக்கு அந்த வேலை கிடைத்தது. முதலில் பந்து, கூம்பு, துண்டு என்று இருந்தது. பட்டைகள் வந்த பிறகு அவையும் டேப்லெட்டும் என் பொறுப்பு. அந்தக் காலம்தான் என் வாழ்க்கையிலேயே நல்ல காலம் என்று நினைக்கிறேன். யோசித்துப் பாருங்கள், எந்த வீட்டில் ஒரு அக்காவுக்குத் தம்பியின் இதயம் கண்ணுக்குத் தெரிகிறது. அவன் மைதானத்தின் அந்தக் கோடியில் யாரோடாவது சிரித்துப் பேசினால் எண் ஏறும். தடை ஓட்டக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றால் இன்னும் கொஞ்சம் ஏறும். வீட்டுக்கு வந்து நான் கேலி செய்தால், "வேவு பாக்கறியா நீ" என்று தலையணையை எறிவான். மற்றப் பிள்ளைகளின் கட்டங்களையும் பார்ப்பேன், அது வேலை. அவன் கட்டத்தை எப்போதும் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

பிறகு அந்த அழைப்பு வந்தது. கடல் தாண்டி வேறொரு நாட்டில், மலைமேல் இருக்கும் பயிற்சி முகாம். நல்ல ஓட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்துச் சில வருடம் அங்கேயே தங்கவைத்துப் பழக்குவார்களாம். கோச் விஷயத்தைச் சொன்னபோது அவன் என்னைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். நானும் சிரித்தேன். எல்லாருக்கும் இனிப்புகூட வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திய பிறகு, அவன் செருப்பு கிடக்கும் இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்த இடம் காலியாக இருந்தால் எப்படி இருக்கும் என்று மனதுக்குள் பார்த்தேன். முடியவில்லை.

முதல் தடவை நடந்தது தற்செயல்தான். குளிர்காற்று வீசிய ஒரு காலை. நான் தாமதமாகப் போனேன், அவசரத்தில் பட்டையை அவன் நனைக்கவும் இல்லை, நான் நனைக்கவும் இல்லை. உடம்பு சூடேற மெதுவாக ஓடிக்கொண்டிருந்தவனின் எண் திடீரென்று எங்கேயோ போய் நின்றது. கோச் பதறிப்போய் அவனைப் புல்லில் படுக்கவைத்தார். எனக்கு அது காய்ந்த பட்டை என்று பார்த்த உடனே தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கோச், இன்றைக்கு ஓட வேண்டாம், அக்காவோடு வீட்டுக்குப் போ என்றார். போனோம். அன்றைக்கு முழுவதும் அவன் வீட்டில் இருந்தான். வேலையே இல்லாமல் இரண்டு பேரும் ஜன்னல் ஓரக் கட்டிலில் உட்கார்ந்து பணிமனைக்குள் போகிற பேருந்துகளுக்குப் பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தோம். நீ சின்ன வயதில் இப்படித்தான் இருந்தாய் என்றேன். அவன் என் மடியில் தலைவைத்துத் தூங்கிப்போனான். அவ்வளவு பெரிய கால்கள் கட்டிலைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

இரண்டாவது தடவையிலிருந்து தற்செயல் இல்லை.

பட்டையைக் காயவைத்துக் கொடுப்பது மட்டும் போதாது. கொஞ்ச தூரம் ஓடினால் வியர்வையே தகட்டை நனைத்துவிடும், எண் சரியாகிவிடும். துணியை மெத்தென்று ஆக்கி வாசனை ஏற்ற ஒரு திரவம் விற்கிறார்களே, அதைத் தகட்டின்மேல் தேய்த்துக் காயவிட்டால் மெல்லிய எண்ணெய்ப் படலம் மாதிரி படிந்துவிடும். அதற்குமேல் வியர்வை ஒட்டாது. ஓட்டம் முடியும்வரை பட்டை பொய் சொல்லிக்கொண்டே இருக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை, பட்டையை அந்தத் திரவத்தில் போடாதே என்று அதோடு வந்த தாளிலேயே போட்டிருந்தது. நக்கினால் ருசி காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், நக்குவது சுத்தக்கேடு, இனிமேல் எல்லாருடைய பட்டையையும் நானே நனைத்துக் கொடுப்பேன் என்று ஒரு சட்டம் போட்டேன். பிள்ளைகள் முணுமுணுத்தார்கள். கோச், அக்கா சொல்வதுதான் சரி என்றார்.

தினமும் செய்யவில்லை. அவ்வப்போது செய்தேன். அதுவும் அவன் நன்றாக ஓடுகிற நாளாகப் பார்த்துச் செய்தேன். பெரிய மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். அங்கே அவர்களுடைய ஒயர்களை மாட்டி, ஓடும் இயந்திரத்தில் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் இல்லை. டாக்டர் பொறுமையான மனிதர். சில கோளாறுகள் ஒளிந்துகொள்ளும், மைதானத்தில் மட்டும் தலைகாட்டும், கவனமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று என்னிடம்தான் சொன்னார். பார்த்துக்கொள்கிறேன் டாக்டர் என்றேன். முகாமில் அவன் இடத்தைக் கொஞ்ச நாள் நிறுத்திவைத்தார்கள்.

அந்த நாட்களில் அவனை நான் எப்படிக் கவனித்துக்கொண்டேன் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுப் பாருங்கள். மாடிப்படியில் பையைத் தூக்கவிடமாட்டேன். வெந்நீர் வைத்துக் கொடுப்பேன். அவன் மாறிக்கொண்டு வந்தான், அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். பேசிக்கொண்டிருக்கும்போதே இரண்டு விரலைக் கழுத்தில் வைத்துத் துடிப்பைப் பார்த்துக்கொள்வான். ஒரு வரி படித்துவிட்டு நிறுத்தி விரலை வைப்பான். தண்ணீர் குடித்துவிட்டு விரலை வைப்பான். தன் கட்டிலை இழுத்து என் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டான். தூங்கினால் எழுந்திருப்பேனா என்று ஒருநாள் கேட்டான், சின்னப் பிள்ளை கேட்பதுபோல. நான் இருக்கிறேன் அல்லவா, தூங்கு என்றேன். எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. அவன் தலையைத் தடவிக்கொண்டே அழுதிருக்கிறேன். ஆனால் அழுதுகொண்டே நிம்மதியாகவும் இருந்தேன். பிடித்தவர்களுக்கு நோய் வந்தால் நாம் படும் பாடு எதுவோ அதை முழுதாகப் பட்டேன், நோய் மட்டும்தான் இல்லை.

பட்டைகள் விற்ற கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். கெட்டிக்காரர். தகட்டை விரலால் தேய்த்தார், முகர்ந்து பார்த்தார், உடனே பிடித்துவிட்டார். யாரோ வாசனைத் திரவத்தில் அலசுகிறார்கள், இந்தப் பையனுக்கு ஒன்றுமே இல்லை, எல்லாம் பொய்க் கணக்கு என்றார். கோச் என்னைப் பார்த்தார். சலவை அறையில் துண்டுகளோடு சேர்த்துப் போட்டிருப்பார்கள் என்றேன். சலவை அறையில் ஒரு அம்மா வேலை பார்த்தார். அவர் பட்டையைத் தொட்டதே இல்லை. தொட்டதில்லை என்று சொல்லவும் செய்தார், ஆனால் அவருக்குக் கோர்வையாகப் பேச வராது. அந்த வாரமே அவரை நிறுத்திவிட்டார்கள். போகும்போது என்னிடம் வந்து, "நீயாவது சொல்லக் கூடாதாம்மா" என்றார். நான் அவருடைய பையை வாசல்வரை தூக்கிக்கொண்டு போனேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முகாமிலிருந்தும் வரச் சொல்லிவிட்டார்கள். புறப்படுவதற்கு முன்னால் கோச் முன்னிலையில் ஒரு ஓட்டம் ஓடிக்காட்ட வேண்டும், அது ஒன்றுதான் பாக்கி.

இடையில் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஊரெல்லாம் வந்துகொண்டிருந்த சாதாரணக் காய்ச்சல்தான். போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, கோச்சிடம் சொல்லிவிடாதே, மறுபடி நிறுத்திவைத்துவிடுவார்கள் என்று என் கையைப் பிடித்துக்கொண்டான். சொல்லவில்லை. காய்ச்சல் விட்ட பிறகு, மாடி ஏறும்போது நடுவில் நின்று, "மூச்சு வாங்குதுக்கா, நெஞ்சுல என்னமோ பண்ணுது" என்றான். நான் சிரித்தேன். உனக்குப் பயப்படப் பழகிப்போய்விட்டது, எல்லாம் மனசுதான் என்றேன். இதில் நான் பொய் சொல்லவில்லை, மேடம். அப்படித்தான் நம்பினேன். அவன் நெஞ்சில் இருந்த நோய் எனக்குத் தெரியாதா, அதை உண்டாக்கியதே நான்தானே. உள்ளதும் இல்லாததும் கலந்துபோன பிறகு எது என்னுடையது, எது அவனுடையது என்று பிரித்துப் பார்க்க எனக்கே வரவில்லை.

ஓட்டத்துக்கு முந்தின நாள் மாலை அவன் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தான். நான் சட்டைகளை மடித்துக் கொடுத்தேன். ஒன்றை வாங்கி முகத்தருகே கொண்டுபோய் முகர்ந்தான். அவன் பட்டையில் அடித்த அதே வாசனை. அந்தத் திரவத்தை வீட்டில் நான் எதற்கும் பயன்படுத்தியதில்லை, குளியலறை வாளிக்குப் பின்னால்தான் வைத்திருந்தேன். அன்று ஏதோ ஞாபகத்தில் அவன் சட்டைகளை அதில் அலசிவிட்டேன். போகிற இடத்தில் நல்ல வாசனையோடு போகட்டும் என்றுதான்.

"அக்கா, நாளைக்குப் பட்டையை நானே நனைச்சுக்கறேன்" என்றான்.

அவன் சட்டையை மடித்துப் பெட்டியில் வைத்தான், இன்னொன்றை எடுத்தான். கோபமாக இருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவனுக்குக் கோபமே வரவில்லை.

"செத்துடுவேனோன்னு பயந்துகிட்டே படுத்திருந்தேன்க்கா, தெரியுமா" என்றான். "நீ பக்கத்துல இருக்கேன்னுதான் தூங்கினேன்."

தெரியும் என்றேன்.

"கோச்சுகிட்ட சொல்ல மாட்டேன். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன். நாளைக்கு ஒரு நாள் மட்டும் விட்டுடு. அதுல என்ன காட்டினாலும் என்னை நிறுத்திடாதே. நான் போய்ட்டு வந்துடறேன்க்கா. வராம எங்க போகப்போறேன்."

"சரிடா, நிறுத்த மாட்டேன்" என்றேன். அவன் எழுந்து வந்து என் தலைமேல் கன்னத்தை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். அவன் அவ்வளவு உயரம். சின்ன வயதில் நான் அவனை அப்படித்தான் அணைத்துக்கொள்வேன், இப்போது இடம் மாறியிருந்தது. பிறகு பெட்டியின்மேல் ஏறி உட்கார்ந்து, ஜிப்பை இழு, சீக்கிரம் இழு என்று என்னை விரட்டினான். இரண்டு பேரும் சிரித்துவிட்டோம்.

மறுநாள் காலை அவனுடைய பட்டையைப் பச்சைத் தண்ணீரில் நான்கைந்து முறை அலசி எடுத்துப்போனேன். அவன் என் எதிரே வந்து நின்று, கண்ணை மூடி, இந்தப் பக்கம் ஒரு நக்கு, அந்தப் பக்கம் ஒரு நக்கு. சப்புக்கொட்டி ருசி பார்த்தான். "காலைச் சாப்பாடு முடிஞ்சுதுக்கா" என்றான். எத்தனையோ நாளுக்குப் பிறகு அதைக் கேட்டேன். மாட்டிக்கொண்டு ஓடினான்.

நல்ல ஓட்டம். உங்கள் அறிக்கையில் அது இருக்காது, அதனால் சொல்கிறேன். நான் பார்த்ததிலேயே அதுதான் அவனுடைய நல்ல ஓட்டம். எண் ஒழுங்காக ஏறி ஒழுங்காக நின்றது. பாதித் தூரம் தாண்டினான். முதுகெல்லாம் நனைந்து சட்டை உடம்போடு ஒட்டிக்கொண்டது. அப்புறம்தான் கோடு குழம்பியது. ஒரு துடிப்பு முந்தியது, ஒன்று காணாமல்போனது, பிறகு எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. எண் சிவப்பாகிவிட்டது.

கோச்சின் கண் கையிலிருந்த கடிகாரத்தில் இருந்தது. டேப்லெட் சத்தம் எழுப்பியதும் தலையைத் தூக்காமலே, "என்னம்மா, நிறுத்தவா" என்று கேட்டார்.

"பட்டைதான் சார், காஞ்சிருச்சு. ஓடட்டும்" என்றேன்.

இந்த வார்த்தையைத்தான் நீங்கள் அப்படியே எழுதி வைத்திருக்கிறீர்கள். என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டீர்களே தவிர, ஒருவரும் ஒன்றைக் கேட்கவில்லை. பட்டை காய்வது ஆரம்பத்தில், மேடம். வியர்த்து ஊறிப்போன மனிதன்மேல் பட்டை எப்படிக் காயும். அதை நான் முன்பே சொன்னேன், நீங்கள் எழுதிக்கொண்டிருந்தீர்கள். காய்ந்த பட்டையின் கிறுக்கலும் எனக்குத் தெரியும், படலம் பூசிய பட்டையின் கிறுக்கலும் எனக்குத் தெரியும். எத்தனை முறை உண்டாக்கியிருக்கிறேன். இது இரண்டும் இல்லை. நான் பார்த்துக்கொண்டிருந்தது நிஜம் என்று எனக்குப் பார்த்த கணத்திலேயே தெரிந்துவிட்டது.

பிறகு ஏன் நிறுத்தவில்லை என்று கேட்பீர்கள். வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சொல்லலாம். அதுவும் உண்மை. நிறுத்தியிருந்தால் அக்கா மறுபடியும் அதையே செய்துவிட்டாள் என்று நினைத்திருப்பான், அதைத் தாங்கியிருக்க மாட்டேன். அதுவும் உண்மை. ஆனால் அதற்கெல்லாம் முன்னால் எனக்குள் வந்தது வேறு. அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்ததும் எனக்குப் பயம் வரவில்லை. நிம்மதி வந்தது. இவன் போகப்போவதில்லை என்று நினைத்தேன். இனி நான் பொய் சொல்ல வேண்டியதில்லை, உடம்பே சொல்லிவிட்டது. நானாக நிறுத்த வேண்டாம், அவனே களைத்து நிற்கட்டும். அவனே நின்றால் என் கை சுத்தம். வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் வைத்துக் காப்பாற்றிக்கொள்வேன், இந்த முறை நிஜமாகவே. இவ்வளவையும் அந்தக் கொஞ்ச நேரத்தில் நினைத்து முடித்துவிட்டேன்.

அவன் அந்தப் பக்கத்துத் திருப்பத்தைச் சுற்றி எனக்கு நேராக வந்தான். முகம் சரியில்லை. ஓடிக்கொண்டே ஒரு கையை மார்புப் பட்டையின்மேல் வைத்து என்னைப் பார்த்தான். கேட்டான், வாயால் இல்லை, பார்வையால். நெஞ்சில் என்னவோ செய்கிறது, அது நிஜமா அல்லது பழைய பயமா, நீதான் பார்த்துக்கொண்டிருக்கிறாய், சொல் என்று கேட்டான். உலகத்தில் அவன் கேட்கக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். நிஜம் என்று சொன்னால் அவனை நிறுத்தியவள் நானாகிவிடுவேன். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன்.

சிரித்தான், மேடம். மார்பிலிருந்து கையை எடுத்துவிட்டு வேகத்தைக் கூட்டினான்.

அடுத்த திருப்பத்துக்கு அவன் வரவில்லை. கோச் ஓடினார், எல்லாரும் ஓடினார்கள். நான் நின்ற இடத்தில் நின்று அவன் கட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடு கொஞ்சம் நடுங்கி, பிறகு நேராகப் போனது. மற்றக் கட்டங்களில் மற்றப் பிள்ளைகளின் இதயங்கள் ஓடிக்கொண்டிருந்தன. காய்ச்சல் இதயத்தில் இறங்கி வீங்க வைத்திருந்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். அந்த வேளையில் உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று கேட்டேன். என் மனம் நோகக் கூடாது என்று யோசித்து, அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது என்றார். நல்ல மனிதர். பிழைத்திருப்பான் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

ஆகவே திருத்தி எழுதுங்கள். சலவை அறை அம்மா பட்டையைத் தொடவில்லை, அவரைத் திரும்பக் கூப்பிட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். கம்பெனிக்காரர்மேல் தப்பில்லை. கோச் என்னை நம்பினார், அதுதான் அவர் செய்தது. பட்டை அன்று ஈரமாகத்தான் இருந்தது, முதலில் அவன் எச்சிலால், அப்புறம் அவன் வியர்வையால், அது கடைசிவரை உண்மையைத்தான் சொன்னது. பொய் சொன்ன கட்டைவிரல் என்னுடையது. அவனைக் கொன்றது நான். அவன்மேல் எனக்கு இருந்த பிரியத்தில் குறை சொல்ல யாராலும் முடியாது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவன் எங்கேயும் போகவில்லை.

எல்லாம் முடிந்த பிறகு அந்த உறையை என்னிடம் கொடுத்துவிடச் சொல்லுங்கள். யாரும் துவைக்க வேண்டாம், தகட்டில் அவன் நாக்குப் பட்ட இடம் அப்படியே இருக்கும். இந்நேரம் நன்றாகக் காய்ந்திருக்கும். பரவாயில்லை. நான் நனைத்து வைக்கிறேன்.